முடிச்சுக் கலையின் இலக்கணம்

கயிறு உள்ள இடமெல்லாம் முடிச்சும் உண்டு. குழந்தைக்குத் தூளி கட்டும் தாயும், பந்தற்காலில் மாவிலைத் தோரணம் பிணைக்கும் இளைஞனும், கடைத்தெருவில் மல்லிகைச் சரம் தொடுக்கும் பூக்காரரும் நாள்தோறும் முடிச்சிடுகின்றனர். ஆயினும், இட்ட முடிச்சின் பெயர் யாது என வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. கை அறிந்ததை வாய் அறியாது. பழக்கத்தால் வரும் அறிவு பெரும்பாலும் இவ்வாறு பெயரின்றியே நிற்கும்.

அம்முடிச்சையே அழகுக்கு உரியதாக்கிய கைப்பணி ஒன்று உண்டு. மக்ரமே என்பது அதன் பெயர். அதற்கு ஊசி வேண்டா, தறி வேண்டா, கொக்கி ஊசியும் வேண்டா. கயிறும், அதனைத் தொங்கவிட ஒரு கோலும், இரண்டு கைகளும் போதும். 1970-ஆம் ஆண்டுகளில் மேலை நாட்டு வீடுகளில் பெரிதும் விளங்கிய இக்கைப்பணி, பின்னர்ப் பழம்பாணி என்று ஒதுக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டுகளில் அது மீண்டும் தலைதூக்கியது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் அதற்குரிய பருத்திக் கயிற்றைக் காணலாம். ஓய்வுப் பொழுதில் இதனைப் பழக முற்படுவோர் முன்னே அழகிய படங்கள் பல உள்ளன. ஆனால் படத்தைப் பார்த்துக் கயிற்றை எடுப்பவர் முதல் நாளிலேயே சிக்கலுக்குள்ளாகின்றனர். காரணம், உருவத்தைக் கண்டார்களே அன்றி அதன் இலக்கணத்தைக் காணவில்லை.

இக்கலை பலமுறை மறைந்து, பலமுறை பிழைத்தது. மறைந்தது ஏன், பிழைத்தது எவ்வாறு என ஆராய்ந்தால் தமிழ் கற்பிப்போருக்குப் பயன்படும் உண்மை ஒன்று புலப்படும்.

பெயர் வந்த வழி

மக்ரமே என்னும் சொல் அரபு மொழியின் மிக்ரமா என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். விரிப்பையும் முக்காட்டுத் துணியையும் அச்சொல் குறித்தது. துருக்கி மொழியில் மக்ரமா என்பது கை துடைக்கும் துணி. அங்கிருந்து இத்தாலிக்குச் சென்ற சொல், துணியின் ஓரத்தில் செய்யப்பட்ட முடிச்சு வேலைக்குப் பெயராயிற்று. துணியின் பெயர் துணியின் ஓரத்துக்கு ஆகி வந்தமையால், தமிழிலக்கணம் இதனை முதலாகு பெயர் என்று எளிதில் வகைப்படுத்திவிடும்.

ஓரத்தில் முடிச்சு ஏன் வந்தது? தறியிலிருந்து அறுத்தெடுத்த துணியின் முனையில் பாவு நூல்கள் நீண்டு நிற்கும். அவற்றை அப்படியே விட்டால் ஊடைநூல் ஒவ்வொன்றாகக் கழன்று துணி பிரியத் தொடங்கும். எனவே நெசவாளர் பாவு நூல்களைச் சிறுசிறு கற்றைகளாகப் பிரித்து முடிந்தனர். துணியைக் காப்பதற்காக இட்ட முடிச்சு நாளடைவில் அழகுக்காகப் பல்கியது. தேவை முன்னே வர, அழகு பின்னே வந்தது.

தமிழர் இல்லங்களில் இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. புதிய பட்டுச்சேலை வாங்கியதும் முந்தானை முனையில் தொங்கும் நூல்களுக்குக் குஞ்சம் கட்டும் வழக்கம் இன்றும் உள்ளது. பாவு நூலைப் பிரியாமல் காத்தலும் முந்தானைக்கு எடுப்பு அளித்தலும் ஆகிய இரண்டு பயனும் அதில் அடங்கும். ஆதலின் மக்ரமேயின் தொடக்கப் பணி தமிழ்க் கைகளுக்கு முற்றும் புதியதன்று.

அவிழ்த்துக் கற்ற பெண்

இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் ஜெனோவா என்னும் துறைமுக நகரும், அதன் அருகே கியாவரி என்னும் ஊரும் உள்ளன. முடிச்சு வேலை அமைந்த கைத்துணிகளுக்குக் கியாவரி பெயர்பெற்றது. 1882-ஆம் ஆண்டில் இலண்டனில் காவ்ஃபீல்டு, சாவர்டு என்னும் பெண்மணியர் இருவர் ஊசிப்பணி அகராதி ஒன்றை வெளியிட்டனர். அவ்வகராதி ஜெனோவாவைப் பற்றிய ஒரு செய்தியைப் பதிந்து வைத்துள்ளது.

1843-ஆம் ஆண்டில் செல்வர் ஒருவர் உரோமாபுரியிலிருந்து பழைய முடிச்சு வேலைத்துண்டு ஒன்றைக் கொண்டு வந்தார். அதனை ஜெனோவாவின் ஏழையர் இல்லத்துக்கு எடுத்துச் சென்று, அங்கிருந்த மேரி பிக்கெட்டி என்னும் இளம்பெண்ணிடம் காட்டினார். அதன் முடிச்சுகள் எவ்வாறு இடப்பட்டன எனக் கண்டறிய இயலுமா என்று வினவினார். கற்பிக்க ஆசிரியர் இல்லை. வழிகாட்ட நூல் இல்லை. எதிரே இருந்தது பழந்துண்டு ஒன்றே. அப்பெண் அதன் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தாள். கண் சோர, நாழிகை பல கழிய, இறுதியில் முறையைக் கண்டுகொண்டாள். கண்டதைப் பிறருக்குக் கற்பித்தாள். 

தமிழாசிரியர் இந்நிகழ்ச்சியின் அருமையை நன்குணர்வர். பழம்பாட்டு ஒன்று மாணவன் முன்னே வரும்போது, சந்தி சேர்ந்து ஒரே தொடராக நிற்கும் அடி அவனை மருட்டும். ஆசிரியர் அதனைப் பதம் பிரித்துக் காட்டுகின்றார். பிரித்த பின்னரே பொருள் விளங்கும். பொருள் விளங்கிய பின்னரே மீண்டும் சேர்த்துப் படிக்கும்போது இன்பம் பிறக்கும். மேரி பிக்கெட்டி செய்தது கயிற்றில் பதம் பிரித்தலே. அவிழ்க்கத் துணியாதவர் கட்டக் கற்பதில்லை.

கடலிலும் கரையிலும்

இக்கலையைப் பேணியவருள் கடலோடிகளும் உளர். பாய்மரக் கப்பலில் கயிற்றுக்குக் குறைவில்லை. காற்று ஓய்ந்த நாட்களில் பொழுதுக்கும் குறைவில்லை. மாலுமிகள் தொங்குபடுக்கை, கப்பல் மணியின் இழுகயிறு, பெட்டியின் கைப்பிடி, இடைக்கச்சை ஆகியவற்றை முடிச்சு வேலையால் அழகுபடுத்தினர். மாலுமிக்கு முடிச்சு உயிர்காக்கும் கல்வி. பாயை இழுத்துக் கட்டிய முடிச்சு நெகிழ்ந்தால் மரக்கலத்துக்கே கேடு. அந்தக் கடுமையான கல்வியில் தேர்ந்த கையே ஓய்வில் அழகையும் படைத்தது.

விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில் முடிச்சு வேலை மகளிர்தம் பொழுதுபோக்காயிற்று. ஊசிப்பணி அகராதி வெளிவந்த காலத்தை ஒட்டியே, சில்வியா என்னும் பெயரால் மக்ரமே கற்பிக்கும் தனி நூலும் இலண்டனில் வெளிவந்தது. பின்னர் நாகரிகம் மாறியது, மக்ரமே பின்னடைந்தது.

20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஓவியர் கிளிஃபர்டு ஆஷ்லி என்பவர் முடிச்சுகளைத் தேடித் தொகுத்தார். திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்குப் பெயர்போன நியூ பெட்ஃபர்டு நகரில் பிறந்தவர் அவர். 1944-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முடிச்சு நூலில் 3,800-க்கும் மேற்பட்ட பதிவுகள் எண்ணிட்டுக் காட்டப்பட்டுள்ளன. பாய்மரக் கப்பல்கள் மறைந்த பின்னும் மாலுமிகளின் முடிச்சுகள் மறையாமைக்கு அந்நூல் பெருங்காரணம். நிகண்டு ஆசிரியர் சொற்களுக்குச் செய்த பணியை ஆஷ்லி முடிச்சுகளுக்குச் செய்தார் எனலாம்.

1967-ஆம் ஆண்டில் வர்ஜீனியா ஹார்வி என்பார் மக்ரமே பற்றிய நூலொன்றை அமெரிக்காவில் வெளியிட்டார். அதன்பின் வந்த பத்தாண்டுகளில் செடித்தொட்டி தாங்கும் தொங்கல்களும் சுவரில் மாட்டும் ஆந்தை உருவங்களும் எங்கும் பெருகின. ஒரே உருவத்தை ஓராயிரம் வீடுகள் படியெடுத்தால் எக்கலையும் சலிக்கும். 1980-ஆம் ஆண்டுகளில் மக்ரமே மீண்டும் பின்தள்ளப்பட்டது.

கிழக்கிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. சீனப் புத்தாண்டின்போது கடைகளிலும் வீடுகளிலும் தொங்கும் செந்நிற முடிச்சுகளை மலேசியரும் சிங்கப்பூரரும் நன்கறிவர். மக்ரமேயோடு தொடர்பின்றித் தனித்து வளர்ந்த கலை அது. அதுவும் ஒரு காலத்தில் அருகி வந்தது. தைவானைச் சேர்ந்த சென் சியாஷெங் என்னும் அம்மையார் பழைய முடிச்சுகளைத் தேடித் தொகுத்து, கட்டும் முறையைப் படங்களுடன் விளக்கி 1981-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அக்கலை மீண்டும் பரவ அந்நூல் பெரிதும் துணை செய்தது.

இவை அனைத்திலும் பொதுவாகக் காணத்தக்கது ஒன்றுண்டு. பொருளைப் பெட்டியில் பூட்டிக் காத்ததனால் மட்டும் கலை பிழைக்கவில்லை. ஒருவர் அதனை அவிழ்த்துப் பார்த்தார், முறையைக் கண்டார், பெயரிட்டார், பிறர்க்கு உரைத்தார். அதனாலேயே அது பிழைத்தது.

நேரும் நிரையும் போல

இனி அம்முறை யாது எனக் காணலாம். மக்ரமேயில் முடிச்சு வகைகள் பல இருப்பன போலத் தோன்றும். ஆயின் அடிப்படையை நோக்கினால் பெரும்பாலானவை இரண்டே செயல்களிலிருந்து பிறக்கின்றன. ஒன்று, இரண்டு இழைகள் ஒன்றையொன்று பின்னிப் பிணைதல். மற்றொன்று, ஓர் இழை மற்றோர் இழையைச் சுற்றிக்கொள்ளுதல். முன்னதை அரை முடிச்சு என்றும், பின்னதைச் சுற்று முடிச்சு என்றும் தமிழில் வழங்கலாம். நேர், நிரை என்னும் இரண்டு அசைகளிலிருந்து சீர்கள் பிறந்து, சீரால் அடியும், அடியால் வெண்பாவும் ஆசிரியமும் அமைவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். யாப்பு என்னும் சொல்லுக்கே கட்டுதல் என்பது பொருள் அன்றோ?

முதலில் கயிற்றைக் கோலில் ஏற்ற வேண்டும். கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பைக் கோலின் மேலாகப் பின்புறம் இறக்கிக் கீழாக முன்னே கொணர்ந்து, இரு நுனிகளையும் அம்மடிப்பினுள் நுழைத்து இழுத்தால் கயிறு கோலைப் பற்றிக்கொள்ளும். இதனை ஆங்கிலேயர் வானம்பாடித் தலை என்றும் மாட்டு முடிச்சு என்றும் வழங்குவர். இரண்டு கயிறுகளை இவ்வாறு ஏற்றினால் நான்கு இழைகள் தொங்கும்.

நான்கனுள் நடுவில் உள்ள இரண்டும் அசையாமல் நிற்க, ஓரத்து இழைகள் இரண்டும் தொழில் செய்யும். இடப்புற இழையை நடுவிழைகளின் மேலாக வலப்புறம் வளைத்து, வலப்புற இழையின் அடியில் வைக்க வேண்டும். பின்பு வலப்புற இழையை நடுவிழைகளின் பின்னாக இடப்புறம் கொணர்ந்து, அங்கு உண்டாகியிருக்கும் கண்ணியின் வழியே முன்னே எடுத்து, இரண்டையும் சமமாக இழுக்க வேண்டும். இஃது அரை முடிச்சு. அடுத்து, இதே செயலை வலப்புறத்திலிருந்து தொடங்கிச் செய்தால் முழுமை பெறும். அவ்வாறு முழுமை பெற்றதே சதுர முடிச்சு.

இங்கே வியத்தகு வேறுபாடு ஒன்றைக் காணலாம். இடம், வலம் என மாறிமாறித் தொடங்கினால் முடிச்சுகள் தட்டையான நாடாவாக இறங்கும். ஒவ்வொரு முறையும் இடப்புறத்திலிருந்தே தொடங்கினால் அதே கயிறு திருகு படிக்கட்டைப் போலச் சுழன்று இறங்கும். கயிறு ஒன்றே, முடிச்சும் ஒன்றே, வரிசை மட்டும் வேறு. அசை ஒன்றாயினும் வரிசை மாறினால் சீர் மாறும், கூவிளம் புளிமாவாகிவிடும். அதனை ஒப்பது இது.

நான்கு இழைகளுக்குப் பதிலாகப் பல இழைகளை ஏற்றிச் சதுர முடிச்சுகளை வரிசையாக இடலாம். அடுத்த வரிசையில், ஒரு முடிச்சின் வலப்புற இழை இரண்டையும், அதன் அண்டை முடிச்சின் இடப்புற இழை இரண்டையும் சேர்த்து முடிந்தால், தனித்தனியே நின்றவை இணைந்து வலையாகும். நின்ற சீரின் ஈற்றசையும் வருஞ்சீரின் முதலசையும் இணைவது தளை எனக் கற்பிக்கும் ஆசிரியர், இவ்வலையைக் கையில் வைத்தே தளையை விளக்கலாம்.

சுற்று முடிச்சுக்கு ஓர் இழை தாங்கியாக வேண்டும். அதனைக் குறுக்காக இழுத்துப் பிடித்து, தொங்கும் இழைகள் ஒவ்வொன்றையும் அதன்மீது இருமுறை சுற்றி இறுக்க வேண்டும். தாங்கியைக் கிடையாகப் பிடித்தால் நேர்கோடு தோன்றும். சாய்த்துப் பிடித்தால் சாய்கோடு. வளைத்துப் பிடித்தால் இலையின் விளிம்பு. கயிற்றால் ஓவியம் வரைவது இம்முடிச்சாலேயே ஆகும். பூத்தொடுப்போர் வாழைநாரில் கண்ணி வளைத்துக் காம்புகளில் மாட்டி இறுக்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்த செயலே. மல்லிகைச் சரம் தொடுத்துப் பழகிய கை சுற்று முடிச்சை விரைவில் கற்கும்.

தொடங்குவோர் காணும் இடர்கள்

முதல் இடர் நீளம். முடிச்சு கயிற்றை விழுங்கும் என்பதைப் புதியவர் அறிவதில்லை. ஒவ்வோர் இழையும் முடிக்கக் கருதும் பொருளின் நீளத்தைப் போல் நான்கு மடங்கு இருத்தல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கோலில் நடுவே மடித்து ஏற்றுவதால் வெட்டும் கயிறு எட்டு மடங்காகும். 50 சென்டிமீட்டர் நீளமுள்ள நாடாவுக்கு ஒவ்வொரு கயிறும் 4 மீட்டர். முடிச்சு நெருங்கினால் இன்னும் கூடும். இடைவெளி விட்டால் குறையும். சிக்கனம் கருதிக் குறைத்து வெட்டுவோர் பாதி வழியில் கயிறின்றி நிற்பர். மிஞ்சிய நுனியைக் குஞ்சமாக்கலாம். போதாத நுனியை நீட்ட இயலாது.

இரண்டாம் இடர் இறுக்கம். தொடக்கத்தில் அச்சத்தால் கை மிக இறுக்கும், பழகியதும் நெகிழும். ஆதலால் மேலே குறுகியும் கீழே அகன்றும் பணி கோணும். முதல் முழம் பயிற்சிக்கென்றே கட்டி அவிழ்த்துவிடுவது நன்று.

மூன்றாம் இடர் வரிசை மறதி. தட்டையாக இறங்கிய நாடா திடீரெனத் திரும்பினால், எங்கோ ஒரே பக்கத்திலிருந்து இருமுறை தொடங்கியிருப்பர். இதற்கு எளிய காப்பு ஒன்றுண்டு. தொழில் செய்யும் இழைகளுள் ஒன்றைச் செந்நிறமாகக் கொள்ளலாம். சதுர முடிச்சில் முதற்பாதியிலும் மறுபாதியிலும் நடுவிழைகளின் மேலே செல்வது அந்த ஒரே இழைதான். எனவே செந்நிறம் எப்போதும் முன்னே தோன்றுமாயின் வரிசை சரி. வெண்ணிறம் முன்னே வந்த இடமே பிழை நேர்ந்த இடம். பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் இரு நிறக் கயிற்றில் தொடங்குதல் நலம்.

கயிற்றின் தன்மையையும் அறிய வேண்டும். மூன்று புரிகளை முறுக்கிய முப்புரிக் கயிறு உறுதியானது; முடிச்சும் தெளிவாகத் தெரியும். ஒற்றைப்புரிக் கயிறு மென்மையானது. சீவிக் குஞ்சம் விட ஏற்றது. ஆயின் அடிக்கடி அவிழ்த்தால் நைந்துவிடும். ஆதலின் புதியவர்க்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள முப்புரிக் கயிறே தக்கது. ஈரக்காற்று மிகுந்த மலேசியா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் பருத்திக் கயிற்றைத் தாழ்வாரத்தில் மழைச்சாரல் படத் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே தொங்குவனவற்றுக்கு நைலான் ஏற்றது. ஆனால் அது வழுக்கும் இயல்பினதாகையால் முடிச்சை நன்கு இறுக்க வேண்டும்.

முதற்பணி உறியாகட்டும்

மக்ரமே பழகுவோர் பெரும்பாலும் விரும்பிச் செய்வது செடித்தொட்டி தாங்கும் தொங்கல். அதனைக் கண்ட தமிழ் மூதாட்டி ஒருவர்க்கு அது புதுமையாகத் தோன்றாது. "இஃது உறி அல்லவா?" என்றே கேட்பார்.

கூரையிலிருந்து தொங்கும் கயிறுகளின் அடியில் பிரிமணை போன்ற வளையம் அமைத்து, அதில் பால், தயிர், வெண்ணெய்ப் பானைகளை வைத்தனர். எறும்புக்கும் பூனைக்கும் எட்டாத களஞ்சியம் அது. கண்ணன் கதையில் வெண்ணெய்க் கலம் உறியில் இருப்பதையும், உறியடி விழாவையும் அறியாத தமிழர் இலர். கலித்தொகையின் பாலைக்கலியில் அந்தணர் கரகத்தை உறியில் தொங்கவிட்டுச் சுமந்து செல்வது கூறப்படுகிறது. ஈராயிரம் ஆண்டு எல்லையில் வைத்து எண்ணத்தக்க பழமை உடையது இப்பொருள்.

இதனைக் கொண்டு மக்ரமே தமிழரிடமிருந்தே சென்றது எனக் கூறுதல் பொருந்தாது. கயிறும் கலமும் உள்ள மக்கள் எவரும் கலத்தைத் தொங்கவிட வழி காண்பர். ஒத்த தேவை ஒத்த பொருளைப் பிறப்பிக்கும். ஆராய்ச்சியாளர் ஒப்புமையைக் கண்டவுடன் உறவு கொண்டாடுவதில்லை. ஆனால் உறி என்னும் சொல் தமிழில் இருக்க, அப்பொருளுக்கு வேற்றுமொழிப் பெயரை எழுத்துக்கூட்டி வழங்குவதும் பொருந்தாது. வலைக்கம்பி அடித்த உணவுப் பேழையும், பின்னர்க் குளிர்ப்பெட்டியும் வந்தபின் சமையற்கட்டிலிருந்து உறி மறைந்தது. பொருள் மறையவே சொல்லும் கண்ணன் கதைக்குள் ஒதுங்கிவிட்டது. இப்போது பொருள் வேறு வடிவில் வீட்டுக்குத் திரும்பியுள்ளது. சொல்லும் உடன் திரும்புதல் வேண்டும்.

எளிய உறி ஒன்றைச் செய்யும் முறை வருமாறு. 3 மீட்டர் நீளமுள்ள கயிறுகள் நான்கை ஒரு வளையத்தில் நடுவே மடித்து ஏற்றினால் எட்டு இழைகள் தொங்கும். அவற்றை இரண்டிரண்டாகப் பிரித்தால் நான்கு இணைகள். வளையத்திலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் கீழே, ஒவ்வோர் இணையையும் ஒரு முடிச்சால் கட்ட வேண்டும். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே, ஓர் இணையின் வலவிழையையும் அடுத்த இணையின் இடவிழையையும் சேர்த்து முடிய வேண்டும். கடைசி இணையும் முதல் இணையும் சேர்ந்ததும் வலை வட்டமாக மூடிக்கொள்ளும். மேலும் 10 சென்டிமீட்டர் கீழே இதனையே ஒருமுறை செய்து, அதற்கும் 8 சென்டிமீட்டர் கீழே எட்டு இழைகளையும் ஒன்றாகக் கூட்டி இறுகக் கட்டினால் அடிப்பாகம் அமைந்துவிடும். 12 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டி இதில் அடங்கும். செடியை வைக்குமுன், தொட்டியளவு எடையுள்ள வேறொன்றை வைத்துத் தொங்கவிட்டு முடிச்சுகளின் உறுதியைச் சோதித்தல் வேண்டும். எங்கேனும் ஒரு பக்கம் சாய்ந்தால் அளவு பிழைத்தது என அறிந்து, அவிழ்த்துத் திருத்தலாம். அவிழ்த்தல் தோல்வி ஆகாது. மேரி பிக்கெட்டி கற்ற வழியும் அதுவே.

பெயரும் பயிற்சியும்

சாரணர் இயக்கத்திலும் பள்ளிச் சீருடை இயக்கங்களிலும் சேரும் மலேசிய மாணவர் முதலில் பயிலும் முடிச்சுகளுள் ஒன்றுக்கு மலாய் மொழியில் புக்கு சிலா என்று பெயர். சம்மணமிட்டு அமர்வதை மலாய் மொழியில் பெர்சிலா என்பர். இரு கயிறுகள் மடிந்து ஒன்றனுள் ஒன்று அமர்ந்திருக்கும் தோற்றத்துக்கு அப்பெயர் மிகவும் பொருந்துகிறது. மக்ரமேயின் சதுர முடிச்சும் அம்முடிச்சும் அமைப்பால் ஒன்றே. நடுவிழைகள் இருத்தலும் இல்லாமையுமே வேறுபாடு. அம்மாணவன் மலாய்ப் பெயரை அறிவான். ஆங்கிலப் பெயரையும் அறிவான். தமிழ்ப் பெயரைக் கேட்டால் விழிப்பான். அப்பிள்ளையைக் குறை கூறுவதில் பயனில்லை. அவனுக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை.

தமிழிலோ சொல்லுக்குப் பஞ்சமில்லை. முடிச்சு, கண்ணி, சுருக்கு, உருவுமுடிச்சு, புரி, இழை, பிணையல், குஞ்சம், உறி ஆகிய யாவும் வழக்கில் இருந்த சொற்களே. அவற்றைத் துணையாகக் கொண்டு அரை முடிச்சு, சதுர முடிச்சு, சுற்று முடிச்சு, மாட்டு முடிச்சு, தாங்கிழை எனப் பெயர் அமைத்துக்கொள்ளலாம். கலைச்சொல் ஆக்குவோர் அறையில் அமர்ந்து அகராதியைப் புரட்டுவதினும், கயிற்றைக் கையில் எடுத்துக் கட்டிப் பார்த்துப் பெயரிடுதல் சிறப்பு. செயலை அறியாமல் இட்ட பெயர் நாவில் நிற்பதில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இதனை வகுப்பில் பயன்படுத்த வழிகள் பல உண்டு. மாணவரை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவன் முறையைத் தமிழில் சொல்ல, மற்றவன் அச்சொல்லை மட்டும் கேட்டுக் கட்டுமாறு செய்யலாம். "இதை அங்கே விட்டு அப்படி இழு" என்பவனின் தோழன் கையில் சிக்கலே மிஞ்சும். "இடவிழையை நடுவிழைகளின் மேலாக வளைத்து வலவிழையின் அடியில் வை" என்பவனின் தோழன் முடிச்சைக் கட்டிவிடுவான். வேற்றுமை உருபும் வினையெச்சமும் எதற்கு என மாணவன் அன்று உணர்வான். சொல் பிழைத்தால் முடிச்சு பிழைக்கும். தெளிவாக எழுத வேண்டும் என்னும் அறிவுரையை நூறுமுறை கேட்பதினும், ஒருமுறை இவ்வாறு காண்பது மனத்தில் பதியும்.

முடிதல் என்னும் சொல் தமிழில் கட்டுதலையும் குறிக்கும், நிறைவெய்துதலையும் குறிக்கும். நூல் என்பது இழைக்கும் பெயர், ஏட்டுக்கும் பெயர். இழையையும் எழுத்தையும் ஒரே சொல்லால் வழங்கிய மொழியில் முடிச்சுகள் பெயரிழந்து கிடப்பது முறையாகாது. ஓய்வு நாளில் நான்கு முழக் கயிற்றை எடுத்துப் பேரப்பிள்ளையோடு அமரும் பாட்டி, உறி கட்டியதைத் தம் இளமையில் பார்த்தவராக இருக்கலாம். அவர் கை அறிந்ததை இன்று கேட்டுப் பெயரோடு குறித்துக்கொண்டால், இன்னொரு பெண் கண் சோர அவிழ்த்து அறிய வேண்டிய நிலை நாளை வாராது.